‘இது தேவைதானா?’ – லாரி பேக்கரின் வாழ்க்கை தரும் வீட்டுப் பாடம்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஒரு குடும்பம் பல ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை இந்த இரண்டும் ஒரே மூச்சில் விழுங்கிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டுத் திருவனந்தபுரம் வந்து வேரூன்றிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பழமொழி இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஊரில் அப்பா கட்டிய வீட்டில் பங்கு இருக்கலாம். ஆனால் இங்கே குடியிருக்க நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். சேமநிதியில் முன்பணம், வங்கிக் கடன், வீட்டுக்காரியின் நகை எல்லாம் அதற்குள் போகின்றன. வீடு முடிந்த பிறகு பிள்ளைகளின் படிப்புக்குக் கையில் என்ன மிஞ்சும் என்பதே பல வீடுகளில் இரவு நேரப் பேச்சு.

இந்தக் கவலைக்கு விடை சொல்லக்கூடிய ஒரு கட்டடக் கலைஞர் நம் நகரத்திலேயே வாழ்ந்து மறைந்தார். தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகில், சங்குபோல் சுற்றி ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் காபி குடிக்காத தமிழர் இங்கே குறைவு. அதைக் கட்டியவர்தான் லாரி பேக்கர். அவருடைய வாழ்க்கையையும் தொழிலையும் இக்கட்டுரையில் ஒரு பாடமாக எடுத்துக்கொள்கிறேன். பொறியியல் படித்தவர்களுக்காக இதை எழுதவில்லை. வீடு கட்ட நினைக்கும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

பர்மிங்காமிலிருந்து பம்பாய் வரை

லாரன்ஸ் வில்ஃப்ரெட் பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரின் எரிவாயுத் துறையில் தலைமைக் கணக்கர். கணக்கர் வீட்டுப் பிள்ளை பிற்காலத்தில் ஒவ்வொரு செங்கல்லுக்கும் கணக்குக் கேட்டதில் வியப்பில்லை! 1937இல் கட்டடக் கலைப் படிப்பை முடித்தார். இளமையிலேயே குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவ நெறியில் ஈடுபட்டார். எளிமையும் போர் மறுப்பும் அந்நெறியின் உயிர்நாடிகள். ஆகவே, இரண்டாம் உலகப் போரில் அவர் துப்பாக்கி ஏந்தவில்லை. குவேக்கர்களின் மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனாவுக்குச் சென்றார். மயக்க மருந்து கொடுக்கப் பயின்றார். தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்.

சீனாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் காலில் கிடந்த, கையால் செய்த துணிச் செருப்பு காந்தியடிகளின் கவனத்தைக் கவர்ந்ததாம். கிராமத்து வீடு எப்படி அமைய வேண்டும் என்று காந்தியடிகள் கூறிய கருத்தை பேக்கர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். வீடு கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீட்டைக் கட்ட வேண்டும் என்பதே அக்கருத்து. இளம் கட்டடக் கலைஞராக இருந்தபோது அது சற்று மிகையாகத் தோன்றியது என்றும், இந்தியாவில் பல ஆண்டுகள் வேலை செய்த பின்னரே அதன் ஆழம் விளங்கியது என்றும் அவர் கூறுவார்.

இல்லறமும் தொழிலும்

1945இல் பேக்கர் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோயாளிகளை அடைத்து வைத்திருந்த பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றும் பணி அவருக்கு. வடநாட்டில் பைசாபாத்தில் அவர் தங்கியது மருத்துவர் சாண்டி என்னும் மலையாளியின் வீட்டில். அவருடைய தங்கை எலிசபெத்தும் மருத்துவர். தொண்டில் ஒரே மனம் கொண்ட இருவரும் 1948இல் மணம் செய்துகொண்டார்கள்.

திருமணத்துக்குப் பின் இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகர் பக்கம் புதுமணத் தம்பதியர் சென்றார்கள். சில நாள் தங்கித் திரும்புவதாக எண்ணம். வந்திருப்பவர் மருத்துவர் என்ற செய்தி மலையெங்கும் பரவியது. நோயாளிகள் பல மைல் நடந்து வரத் தொடங்கினார்கள். விட்டுவிட்டுப் போக மனம் வருமா? தங்கிவிட்டார்கள், 16 ஆண்டுகள்! அங்கே வீட்டையும் மருத்துவமனையையும் கட்டியவர் கணவர். வைத்தியம் பார்த்தவர் மனைவி. அறுவைச் சிகிச்சை நடக்கும்போது மயக்க மருந்து கொடுக்கும் உதவியாளரும் கணவரே.

பேக்கரின் உண்மையான கல்லூரி அந்த மலைதான் என்பது என் கருத்து. அங்கே சிமெண்டு வண்டி வராது. கல், மண், மரம், அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு பழகிய மலைவாழ் மக்கள், இவைதான் கிடைத்தவை. குளிரையும் மழையையும் நிலச்சரிவையும் தாங்கி நிற்கும் வீடுகளை அவர்கள் படிப்பில்லாமலே கட்டுவதை பேக்கர் உற்றுக் கவனித்தார். தமக்குப் பட்டம் கொடுத்த கல்வி இங்கே செல்லாது, இவர்களிடம்தான் கற்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1963இல் குடும்பம் எலிசபெத் அம்மையாரின் தாய்நாடான கேரளத்துக்குத் திரும்பி வாகமண் மலைப்பகுதியில் தொண்டைத் தொடர்ந்தது. 1960களின் இறுதியில் திருவனந்தபுரம் வந்தார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பலர் ஓய்வைப் பற்றிக் கணக்குப் போடும் அந்த வயதில்தான் பேக்கரின் பெயர் சொல்லும் கட்டடங்கள் எழத் தொடங்கின.

நாலாஞ்சிராவில் பாறை நிறைந்த ஒரு சரிவில் தமக்கு வீடு கட்டினார். ‘ஹாம்லெட்’ என்று பெயர். சிற்றூர் என்று பொருள். முதலில் ஒரு சிறு குடில். குடும்பத்துக்குத் தேவை வந்தபோதெல்லாம் ஓர் அறை, ஒரு திண்ணை என்று பாறையின் போக்கிலேயே சேர்த்துக்கொண்டு போனார். பாறையைத் தகர்க்கவில்லை, மரங்களை வெட்டவில்லை. இடித்த கட்டடங்களின் பழைய மரத்தையும், உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் அந்த வீட்டில் பொருத்தமான இடத்தில் வைத்தார். ஒரே நாளில் முழு வீட்டையும் கட்டிக் கடனில் மூழ்க வேண்டியதில்லை, குடும்பம் வளர்வதுபோல் வீடும் வளரலாம் என்பதற்கு அவர் வீடே சான்று.

நம் நகரில் அவர் கைவண்ணம்

பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டித்தர பேக்கரை ஊக்குவித்தார். அடுத்து, 1970களின் தொடக்கத்தில், அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்தபோது, பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தை அமைத்தார். அதன் கட்டடங்களை எழுப்பும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. சுமார் பத்து ஏக்கர் மேட்டு நிலம். நிலத்தைச் சமன்படுத்தாமல், மேடு பள்ளத்தின் போக்கிலேயே கட்டடங்களை வளைத்துச் சென்றார். நடுவில் நூலகக் கோபுரம். சுவர்களில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடை வேலைப்பாடு. நண்பகலிலும் உள்ளே குளிர்ச்சி. சரசுவதி குடியிருக்கும் இடம் எளிமையாகவும் இருக்கலாம் என்பதை அங்கே போனவர்கள் உணர்வார்கள்.

செங்கல்சூளை குடிசைப் பகுதி மக்களுக்கும், பூந்துறை மீனவர்களுக்கும் அதே கை வீடு கட்டியது. 1985இல் அச்சுத மேனன், கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத் ஆகியோருடன் சேர்ந்து பேக்கர் ‘காஸ்ட்ஃபோர்டு’ என்னும் அமைப்பை உருவாக்கினார். கிராமங்களுக்கேற்ற தொழில்நுட்பத்தைப் பரப்புவது அதன் நோக்கம். இந்தியக் குடியுரிமை பெற்ற பேக்கருக்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007 ஏப்ரல் 1ஆம் நாள், 90 வயது நிரம்பிய நிலையில், தாம் கட்டிய நாலாஞ்சிரா வீட்டிலேயே கண்மூடினார்.

இனி அவர் தொழிலில் நமக்கு உதவும் பாடங்களைப் பார்ப்போம்.

பாடம் 1: கேள்வியில் தொடங்கு

வரைபடத்தில் ஒரு கோடு போடுமுன் பேக்கர் கேட்ட கேள்வி, ‘இது தேவைதானா?’ என்பது. அந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள், எப்போது எழுவார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பெரியவர்களுக்குப் படி ஏற முடியுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்பார். வெளிநாட்டுப் பத்திரிகையின் படத்தைக் காட்டி ‘இதுபோல் வேண்டும்’ என்பவர்களிடம் அவருக்குப் பொறுமை குறைவு. ஒரு குடும்பத்தின் வீடு இன்னொரு குடும்பத்துக்குப் பொருந்தாது என்பது அவர் கொள்கை.

பாடம் 2: சுவரின் நீளத்தைக் கணக்கிடு

பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கு இது. 100 சதுர அடி அறை வேண்டும். 20 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் சுற்றுச் சுவர் 50 அடி. 10க்கு 10 என்று சதுரமாகக் கட்டினால் 40 அடி. வட்டமாகக் கட்டினால் ஏறக்குறைய 35½ அடியே போதும். அதே இடம், குறைந்த சுவர். பேக்கர் கட்டடங்களில் வட்டமும் வளைவும் அடிக்கடி வருவதற்கு அழகு ஒரு காரணம். இந்தக் கணக்கு இன்னொரு காரணம். எல்லோரும் வட்ட வீடு கட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கட்டில், பீரோ போடச் சதுரமே வசதி. ஆனால் ரயில் பெட்டிபோல் நீண்ட அறையும், மூலைக்கு மூலை உடைத்த முகப்பும் எவ்வளவு சுவரைத் தின்னும் என்பதை இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

பாடம் 3: எலிப்பொறிக் கட்டு

வழக்கமான 9 அங்குலச் சுவரில் கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குகிறார். பேக்கர் பரப்பிய ‘ராட் டிராப்’ முறையில் செங்கல்லை அதன் குறுகிய பக்கத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். சுவரின் இரு முகங்களிலும் நீளவாட்டில் ஒவ்வொரு கல், அவற்றை இணைக்கக் குறுக்கே ஒரு கல். இப்படிக் கட்டும்போது நடுவில் எலிப்பொறியின் கூண்டுபோல் வெற்றிடம் உண்டாகிறது. சுவரின் கனம் குறைவதில்லை. செங்கல்லில் சுமார் கால்பங்கு மிச்சம், கலவையும் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. அதாவது முதலில் செங்கல் செலவு குறைகிறது, பிறகு மின்விசிறிச் செலவும் குறைகிறது.

பாடம் 4: கூரையில் ஓடு

கான்கிரீட் தளத்தின் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் ஏற்படும் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. சும்மா பாரமாக இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளைச் சேர்த்து வைத்து, மேலே கான்கிரீட் போட்டால் சிமெண்டு குறையும், கூரையின் எடை குறையும், அதனால் கம்பியும் குறையும். பழைய வீட்டை இடித்த இடத்தில் மலிவாகக் கிடைக்கும் ஓடே போதும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் சிவந்த ஓடு வரிசை கோலம் போட்டதுபோல் இருக்கும். தனியே பூச்சு வேலை தேவையில்லை.

பாடம் 5: ஜன்னலும் சல்லடையும்

ஒரு ஜன்னலுக்கு நிலை, சட்டம், கம்பி, கண்ணாடி, கீல், கொண்டி, வர்ணம் என்று வரிசையாகச் செலவு. அதே பரப்புக்குச் செங்கல் சுவர் வைப்பதைவிட இது பல மடங்கு அதிகம். வெளிச்சமும் காற்றும் மட்டும் போதும் என்ற இடத்தில் பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடைச் சுவர் வைத்தார். காற்று வரும், திருடன் வரமாட்டான். திறந்து மூட வேண்டிய இடத்தில் ஒற்றைப் பலகை. மேலும் கீழும் இரண்டு முளைகள். அவை சுவரிலுள்ள குழிகளில் சுழலும். நிலையும் வேண்டாம், கீலும் வேண்டாம். வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே கான்கிரீட் லிண்டலுக்குப் பதில் செங்கல் வளைவு.

நாகர்கோவில் வழியாக ஊருக்குப் போகும்போது தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். பழைய திருவிதாங்கூர் மன்னர்களின் அந்த மர மாளிகை இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. அங்கே மரச் சட்ட இடுக்குகள் வழியே காற்று வரும் அதே அறிவைத்தான், மரம் அரிதான காலத்தில், பேக்கர் செங்கல்லில் செய்துகாட்டினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாடம் 6: பூச்சும் மண்ணும்

நல்ல செங்கல் சுவருக்குப் பூச்சு எதற்கு என்று கேட்டார் பேக்கர். கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கு வரை பூச்சுக்கே போகிறது என்பது அவர் கணக்கு. பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வர்ணம் அடிக்கும் செலவும் தொடரும். அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணை வெளியே வீசாமல் உட்பக்கமே போடச் சொன்னார். தளம் நிரப்ப அதே மண் உதவும், இரண்டு கூலி ஒன்றாகும். சின்ன விஷயம்தான். ஆனால் சின்னச் சின்ன விஷயங்களைக் கூட்டியதே பேக்கரின் சிக்கனம். பெரிய மந்திரம் ஒன்றும் அவரிடம் இல்லை.

எச்சரிக்கையும் வேண்டும்

இதைப் படித்தவுடன் நாளைக்கே கொத்தனாரை அழைத்து ‘பேக்கர் மாதிரி கட்டு’ என்று சொல்லிவிடக் கூடாது. பூசாத சுவருக்கு நன்கு வெந்த, விளிம்பு ஒழுங்கான செங்கல் தேவை. மட்டமான கல் கேரளத்து மழையில் நீரை உறிஞ்சும். 2008இல் வந்த நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வயலில் களிமண் எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. ஆகவே உங்கள் இடத்துக்கு அருகில் கிடைப்பது செங்கல்லா, வெட்டுக்கல்லா என்று முதலில் விசாரியுங்கள். வெட்டுக்கல் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் தொலைதூரத்திலிருந்து செங்கல் தருவிப்பது பேக்கர் கொள்கைக்கே விரோதம்.

எலிப்பொறிக் கட்டில் மின்கம்பிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பிறகு சுவரைக் குத்தினால் வீண். சல்லடைச் சுவர் கொசுவுக்கும் சாரலுக்கும் வழிவிடும். எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். இந்த வேலைகள் பழகாத கையில் மெதுவாக நடக்கும். கூலி உயர்ந்த இக்காலத்தில் பொருளில் மிச்சமானது கூலியில் கரைந்துவிடலாம். பேக்கர் தாமே தினமும் வேலைத்தளத்தில் நின்றார், கையில் கிடைத்த காகிதத்தில் அங்கேயே வரைந்து கொத்தனாருக்கு விளக்கினார். அவருடைய முறையின் பாதி வலிமை அந்த நேரடிக் கவனிப்பில் இருந்தது. ஆகையால் இம்முறையில் பழகிய பொறியாளரையும் மேஸ்திரியையும் தேடிக்கொண்ட பின்னரே இறங்க வேண்டும்.

குடும்பத்தோடு உட்காருங்கள்

பேக்கரின் வாழ்க்கையில் வீடும் தொழிலும் இரண்டாகப் பிரியவில்லை. மனைவியின் நோயாளிகளுக்காக மருத்துவமனை கட்டினார். தம் குடும்பத்தின் தேவையில் சிக்கனத்தைக் கற்றார். அந்தச் சிக்கனத்தைப் பிறர் குடும்பங்களுக்கு வழங்கினார். வெளியூரில் பிறந்து வந்தவர், வந்த இடத்தின் கல்லையும் மண்ணையும் வேலையாளையும் மதித்து, இந்த ஊர்க்காரராகவே ஆனார். நம்மைப்போல் வந்து குடியேறியவர்களுக்கு அதுவும் ஒரு பாடமே.

வீடு கட்ட எண்ணும் அன்பர்கள், ஒப்பந்தக்காரரைப் பார்க்குமுன் ஒரு மாலை வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். முதலாவது, இன்று உண்மையில் எத்தனை அறைகள் வேண்டும். எவற்றைப் பின்னால் சேர்க்கலாம்? இரண்டாவது, ஆண்டில் எத்தனை நாள் விருந்தினர் வருகிறார்கள். அவர்களுக்கென்று தனி அறை தேவையா, அகலமான திண்ணை போதுமா? மூன்றாவது, அருகில் கிடைக்கும் கட்டுமானப் பொருள் எது? நான்காவது, மனையில் உள்ள எந்த மரத்தைக் காப்பாற்றலாம்? ஐந்தாவது, முகப்பில் வைக்க நினைக்கும் அலங்காரத்தில் எதை நாம் பயன்படுத்துவோம், எது தெருவில் போகிறவர்களுக்காக?

இந்த விடைகளை எழுதும்போது அடுப்படியில் நாள் முழுதும் நிற்பவரின் சொல்லுக்கும், முழங்கால் வலியுள்ள பாட்டியின் சொல்லுக்கும் முதலிடம் கொடுங்கள். சம்பாதிப்பவர் வீட்டில் இருப்பது இரவில்தான்; வீட்டை முழுதாக அனுபவிப்பவர்கள் அவர்களே.

அடுத்த முறை தம்பானூரில் ஊர்ப் பேருந்துக்குக் காத்திருக்க நேர்ந்தால், பிள்ளைகளைக் காபி ஹவுஸுக்கு அழைத்துச் செல்லுங்கள். நடுவில் தண்டு, அதைச் சுற்றி ஏறும் சரிவு, ஓரமாக இருக்கைகள், சுவரெங்கும் துளைகள். இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை பேர் எப்படி உட்கார முடிகிறது, விசிறி இல்லாத மூலையிலும் காற்று எப்படி வருகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். விடையை அவர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்துத் தாமே சொல்லட்டும்.